மூன்று முறை காப்பாற்றப்பட்ட ராகி மூட்டை

நஞ்சம்மாவின் ராகி மூட்டையை அன்று மூன்று படைகள் காப்பாற்றின. வினையே அதில்தான் வந்தது.

வெள்ளம் வந்தால் போலீசைக் கூப்பிடுவதா, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுவதா, பெங்களூரிலிருந்து ஹெலிகாப்டரை வரவழைப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தாசில்தார் பெண்ணையாற்றங்கரைக்கு வந்திருந்தார். வைகாசி மாதம் என்பதால் ஆற்றில் மணல்தான் ஓடியது. நடு ஆற்றுப் பாறையில் ஒருவர் சிக்கிக்கொண்டதாக வைத்து மூவரும் மீட்டுக் காட்ட வேண்டும்.

சிக்கிக்கொள்ளச் சம்மதித்தவர் புளி வியாபாரி கௌஸ் பாஷா. ஹெலிகாப்டர் ஒருமுறை தலைக்கு மேலே வட்டமடித்ததும், அவர் தாமாகவே பாறையிலிருந்து குதித்து ஓடிக் கரையேறிவிட்டார். அன்றைய மீட்புகளில் வேகமானது அதுதான்.

"அப்ப ஆள் எடைக்கு ஒரு மூட்டை கொண்டாங்க" என்றார் தாசில்தார்.

பக்கத்தில் இருந்த ஒரே வீடு நஞ்சம்மாவுடையது. வீட்டில் இருந்ததும் ஒரே மூட்டை. அடுத்த அறுப்பு வரை களியும் அதில்தான், விதையும் அதில்தான்.

"பத்திரமா வந்துடுமுங்களா சாமி?"

"மூணு டிபார்ட்மெண்டும்மா. ஒரு மணி கொறையாது."

முதலில் போலீஸ். பரிசலைத் தலையில் சுமந்து பாறைக்குப் போனார்கள். மூட்டையைப் பரிசலில் உட்காரவைத்து, பரிசலோடு தூக்கி வந்தார்கள். "தண்ணி இருந்திருந்தா இவ்ளோ கஷ்டமில்ல" என்று மூச்சு வாங்கினார் ஏட்டு.

அடுத்து தீயணைப்பு. கரை மரத்துக்கும் பாறைக்கும் கயிறு கட்டி, கப்பியில் மூட்டையைத் தொங்கவிட்டு இழுத்தார்கள். கயிறு எவ்வளவு முறுக்காகக் கட்டினாலும் பாரம் நடுவுக்கு வரும்போது அதிகமாகத் தொய்யும். மூட்டை நடு ஆற்றில் தரை தட்டி, கற்களில் உரசிக்கொண்டே வந்தது. அடியில் கட்டைவிரல் நுழையும் கிழிசல். நஞ்சம்மா வைக்கோலைத் திணித்து அடைத்தாள்.

"போதும் சாமி, மறுபடியும் வேணாம்."

"மூணாவது ஆளையும் பாக்காம எப்படிம்மா ஒப்பிடறது?"

ஹெலிகாப்டர் வந்தது. காற்றைக் கீழே தள்ளித்தான் அது மேலே நிற்கிறது. ஆகவே அதன் அடியில் எப்போதும் ஒரு புயல். அது இறக்கிய கம்பியில் மூட்டையைக் கட்டினார்கள். மனிதனாயிருந்தால் மேலே போனதும் கதவைப் பிடித்து உள்ளே ஏறிக்கொள்வான். மூட்டைக்கு ஏது கை? ஒற்றைக் கம்பியில், அந்தக் காற்றில், அது பம்பரமாகச் சுழன்றது. சுழலும் பொருளுக்குள் இருப்பதெல்லாம் வெளியே ஓடப் பார்க்கும். முதலில் வைக்கோல் பறந்தது. பின்னாலேயே ராகி.

இறங்குமிடம் எதிர்க்கரையில், திம்மராயனின் நிலத்துக்கு அப்பால். திம்மராயன் நஞ்சம்மாவின் கொழுந்தன்; பாகம் பிரிந்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. உழுது போட்டிருந்த அந்த நிலத்தைக் கடக்கும்வரை மூட்டை ராகியைத் தூவிக்கொண்டே போக, மேலிருந்து அடித்த காற்று அதை மூலைமுடுக்கெல்லாம் பரப்பியது. கைதேர்ந்தவன் வீசினாலும் அவ்வளவு சீராக விழாது.

நஞ்சம்மாவும் பின்னாலேயே தாசில்தாரும் மணலில் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூட்டையில் கால்வாசி குறைந்திருந்தது. போனது விதைக்கு வைத்த பங்கு.

திம்மராயன் வரப்பில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். "வானத்துல இருந்து வுழுந்தது, அண்ணி. மழைக்கு யாராச்சும் காசு குடுக்கறாங்களா?"

"எம்பட ராகிப்பா அது."

"வெதைக்கச் சொல்லி நானா கேட்டேன்?"

"கேக்கல. அப்ப பொறுக்கிக் குடுத்துடு."

திம்மராயன் குனிந்து பார்த்தான். கடுகிலும் சிறிய மணிகள். போதாததற்குச் செம்மண்ணின் அதே நிறம். அவன் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைப்பதற்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"முடியலயா? அப்ப வெதை எங்கூட்டுது, ஒழவு உங்கூட்டுது. வெளையறதுல ஆளுக்குப் பாதி வாரம். தாசில்தாரு சாட்சி."

"கூலிக்கு ஆளை வெச்சு வெதைச்சிருந்தாக்கூட மூணு நேரம் சோத்தோட போயிருக்கும்" என்று திம்மராயன் முணுமுணுத்தான். ஆனால் தலையாட்டிவிட்டான். அவர்கள் பேசிக்கொண்டதே பெரிது என்று கௌஸ் பாஷா பிற்பாடு சொன்னார்.

ஓடி வந்த இளைப்பு தணிந்த தாசில்தார், "சொல்லும்மா, மூணுல யாரு தேவலாம்?" என்று கேட்டார்.

நஞ்சம்மா யோசித்தாள். "மூட்டையைக் கொண்டாறதுக்கு போலீசுதான் சாமி. ஓட்டை போட ஃபயர் சர்வீசு. வெதைக்கறதுக்கு அந்தப் பறக்கறதை அடிச்சுக்க ஆளில்ல."

மிச்ச மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தவள், நாலடி போய்த் திரும்பினாள்.

"ஏனுங்க, களையெடுப்புக்கு அது எப்ப வரும்?"