முளைகட்டிய கொள்ளும் ஒரு முட்டையும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மதியழகனுக்கு நார்ச்சத்தும் புரதமும் போதவில்லை என்றார் டாக்டர். சத்துமாவு டப்பாவின் விலையைப் பார்த்த மனைவி மோகனா, கொள்ளு வாங்கித் துணியில் முடிந்து முளைக்க வைத்து, தினமும் சுண்டல் செய்து கொடுத்தனுப்பினாள். மதியழகன் அதைக் கூட வேலை செய்யும் யாசிரிடம் தள்ளிவிட்டு, அவனுடைய பிரியாணியைத் தின்றான். தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயில் நார்ச்சத்து, கறியில் புரதம் என்று மனசாட்சிக்குச் சமாதானமும் சொல்லிவந்தான்.

மூன்றே மாதத்தில் யாசிர் மெஷின் இல்லாமல் உள்ளங்கையாலேயே வெட்டு அச்சை அழுத்தித் தோலை வெட்டினான். கரண்ட் போன நாள்கூடக் கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. மதியழகனுக்குக் கன்னம் மட்டும் உப்பியது.

மோகனா பூரித்துப்போனாள். "மூஞ்சி இன்னா பளபளப்பு பாருங்க. எல்லாம் என் கொள்ளுதான். இனிமே நான் துன்ற முட்டையையும் உங்களுக்கே வெச்சுடறேன்."

மறுநாள் மதியழகன் சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்ளவில்லை.

"இன்னா தோஸ்த், என் மேல பேஜாரா?" என்றான் யாசிர்.

மதியழகன் சுண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டு முட்டையைக் கடித்தான். கண் கலங்கியது.

"காரம் ஜாஸ்தியா?"

"ஆமா."

மோகனா சுண்டலில் மிளகாயே போடுவதில்லை. மூன்று மாதம் தின்ற யாசிருக்கு அது நன்றாகத் தெரியும்.