வழக்கம்போல அழுத்தவும்

கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரருக்கு எல்லாமே ரெண்டு வேண்டும். ரெண்டு குடை, ரெண்டு கண்ணாடி, ரெண்டு போன். மேனேஜரை ஆறு மாதம் நச்சரித்துச் சர்வரையும் ரெண்டாக்கிவிட்டார். கீழ்மாடியில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று. தனித்தனி மின்இணைப்பு, தனித்தனி பேட்டரி. ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலை பார்க்கும்.

இத்தனை பாடும் வெள்ளிக்கிழமை மனைவியோடு அவள் தங்கை வீட்டுக்குப் போகத்தான். நாலு வருஷத்தில் மூன்று பயணம் "சர்வர் படுத்துடுச்சு" என்று பாதியில் நின்றதாம். இந்த முறை அந்தம்மா சொன்னது தெருவுக்கே கேட்டது: "நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். திரும்பி வர்றதை அப்புறம் யோசிக்கிறேன்."

புதன்கிழமை சோதனை. கூடம் நிறைய நோயாளிகள் இருக்கும்போதே கீழ் சர்வரின் ஒயரைப் பிடுங்கினார். டோக்கன் திரை இருண்டது. நாற்பது நொடியில் அதே முப்பத்திரண்டாம் எண்ணோடு திரும்ப வந்தது. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சரி மாப்பிள்ளை," என்றார் மேனேஜர். மனைவியின் அண்ணன்தான். "படுத்ததை எழுப்பி மறுபடி கீழ மாத்தறது யாரு?"

"அது நான்தான் பண்ணணும் மச்சான்."

"நீங்கதான் ஊர்ல இருக்க மாட்டீங்களே!"

எல்லாவற்றிலும் ரெண்டு வைத்தவர் தனக்கு மட்டும் மாற்று ஆள் வைக்கவில்லை. வைக்க மனசும் இல்லை என்பதுதான் நிஜம். தன்னை விட்டால் ஆளில்லை என்பதில் அவ்வளவு பெருமை.

அரைமனசாக வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு ஒரு தாளில் பதினோரு படி எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை அவள் செய்து பார்க்க, இவர் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும், மச்சான் உத்தரவு. ஏழாவது படியில் அவள் நின்றாள்.

"சார், 'வழக்கம்போல அழுத்தவும்'னு எழுதியிருக்கீங்க. வழக்கம் உங்களுது. எனக்கு எப்படித் தெரியும்?"

சொட்டு மருந்தோடு கண்மூடியிருந்த பெரியவர்கூடச் சிரித்துவிட்டார். ஏழாவது படி நாலு வரியானது. மறுமுறை அவள் இவர் பக்கம் திரும்பாமலே முடித்தாள்.

வெள்ளிக்கிழமை பஸ் கிளம்பி ஒரு மணி நேரத்தில் போன் கூவியது. பாதி எழுந்துவிட்டார்.

"கீழ் சர்வர் படுத்துச்சு சார். மேல உள்ளது பாத்துக்குச்சு. நானே எழுப்பி மாத்திட்டேன். ஏழாவது படி இப்ப சரியா இருக்கு."

"நல்லதாப் போச்சு," என்று உட்கார்ந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மனைவி போனை வாங்கிக் கைப்பையில் போட்டாள். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

"ரெண்டாவதையும் குடுங்க."