உள்பக்கச் சில்லு

கார் மூன்றாம் தடவையும் முடக்கில் வளையாமல் வெளியே ஓடி, அடுக்கியிருந்த பழைய ரயர்களில் முட்டி நின்றது. மேனுகா ஹெல்மற்றைக் கழற்றாமல் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். அடி பலமில்லை. கோபம்தான் பலமாக இருந்தது.

கிளிநொச்சியில் எஞ்சினியரிங் படிக்கிற சிலர் சேர்ந்து கட்டிய மின்சாரப் பந்தயக் கார் அது. ஓராள் மட்டும் இருந்து ஓட்டலாம். கொழும்பில் நடக்கவிருந்த மாணவர் போட்டிக்காக, நெல் ஆலை ஒன்றில் சும்மா கிடந்த சீமெந்துத் தளத்தில் ஓட்டிப் பழகினார்கள். உடையார்கட்டிலிருந்து வந்த மேனுகாதான் சாரதி. காரின் மூளையான கணினி நிரலை எழுதியவன் கிருசாந்தன்.

மூளையின் வேலை இதுதான். பின்னால் உருளும் சில்லு இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். நேரே ஓடும்போது இரண்டும் ஒரே அளவு தள்ளும். முடக்கு வந்தால் வெளிப்பக்கச் சில்லு கூடத் தள்ளும், உள்பக்கச் சில்லு குறையத் தள்ளும். வள்ளத்தில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் பலமாக வலித்தால் முகப்பு மற்றப் பக்கம் திரும்புமே, அது மாதிரி. வேகத்தில் ஸ்ரேறிங்குக்கு அடங்காமல் நேரே இழுபடுகிற கார், இதனால் முடக்குக்குள் திரும்ப வேண்டும். ஆனால் திரும்பவில்லை.

கிருசாந்தன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இஞ்ச பாரும். முடக்கின்ர நடுவில நீர் அக்சிலேற்றரில இருந்து காலை எடுக்கிறீர். கால் எடுத்தா மோட்டார் தள்ளாது. தள்ளாட்டி நான் எதைப் பிரிச்சுக் குடுக்கிறது?"

"நான் எடுக்கேல்லை."

அவன் திரையைக் காட்டினான். கோடு நடுவில் தொப்பென்று விழுந்திருந்தது. மேனுகாவின் கை முழங்காலுக்குப் போயிற்று. முல்லைத்தீவு றோட்டில், மணல் கிடந்த ஒரு முடக்கில் மோட்டார்சைக்கிளோடு சறுக்கி விழுந்தவள் அவள். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து முடக்கைக் கண்டால் கால் அவளைக் கேட்பதில்லை.

"சாருஜனை ஒருக்கா ஓட்டச் சொல்லிப் பாப்பமே?" என்று, கூட நின்ற நண்பனைக் காட்டி அவன் மெதுவாகக் கேட்டான். அது அவளுக்குச் சுட்டது.

"ஓட்டட்டும். அதுக்கு முந்தி நீர் ஓட்டும்."

"நானோ?"

"ஓம். காலை எடுக்காம ஓட்டிக் காட்டும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அவனால் மறுக்க முடியவில்லை. முதல் சுற்று மெதுவாகப் போனான். இரண்டாம் சுற்றில் வேகம் பிடித்து வந்து, அதே முடக்கில், அதே ரயர்களில் போய் முட்டினான். இறங்கும்போது முகம் வெளிறிப்போயிருந்தது.

சாருஜன் திரையைப் பார்த்தான். "மேனுகா எடுத்ததிலும் பாக்க முந்தியே எடுத்திட்டாய், மச்சான்."

மேனுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பயந்தா ஆரும் காலை எடுப்பினம்," என்றாள். "உதவி தேவைப்படுறதும் அப்பதான். அந்த நேரம் பாத்து உம்மட மூளை ஏன் வேலையை விடுது? தள்ளேலாட்டி இழுக்கட்டும். உள்பக்கச் சில்லை மட்டும் பிடிச்சு இழுத்தாலும் முகப்பு அந்தப் பக்கம்தானே திரும்பும்?"

கிருசாந்தன் பிடரியைச் சொறிந்தான். "மோட்டாரைப் பிறேக் மாதிரிப் பாவிக்கலாம். ஆனா கூட இழுத்தா கார் சுத்திப்போடும்."

"குறைச்சு இழுக்கட்டும். சுத்தினா ரயரிலதானே முட்டுவன்."

சுற்றத்தான் செய்தது. பல நாள் கார் நின்ற இடத்தில் பம்பரமாய்ச் சுழன்றது. மேனுகா தலை சுற்றத் தடுமாறி இறங்கி, "இழுக்கிறதை இன்னும் குறையும்," என்று மட்டும் சொல்வாள். அவன் குறைப்பான். அவள் திரும்ப ஏறுவாள். சாருஜனை ஓட்டச் சொல்கிற கதையைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஒரு பின்னேரம் வலப்பக்க முடக்கில் வழமைபோலக் கால் தானாக எழும்பியது. வலப்பக்கத்தில் மோட்டாரின் சத்தம் இறங்கிற்று. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. முகப்பு உள்ளே வந்தது. ரயர்களைத் தாண்டி வந்த பிறகுதான் தாண்டிவிட்டோம் என்று மேனுகாவுக்கு விளங்கியது. உரத்துக் கத்தினாள். ஹெல்மற்றுக்குள் அது அவளுக்கே கேட்டது.

போட்டியன்று மழை. நனைந்த தரையில் பல கார்கள் முடக்குகளில் நேரே ஓடி வெளியே போயின. மேனுகா ஒவ்வொரு முடக்கிலும் பயந்தாள், காலை எடுத்தாள், உள்ளே திரும்பினாள். நாலாம் இடம் கிடைத்தது.

நடுவர் ஒருவர் வந்து, கால் எடுத்த பிறகும் கார் எப்படித் திரும்புகிறது என்று கேட்டார். கிருசாந்தன் விளக்கத் தொடங்கி, இடையில் நிறுத்தினான்.

"அது மேனுகான்ர யோசனை. அவாவையே கேளுங்கோ."