பிராக்மன் சிவப்பு

ஹெர்ட்டன் ஊரில் டிஸ்கஸ் என்ற வட்ட வடிவ அலங்கார மீன் வளர்ப்பவர்கள் வீலாண்ட் பிராக்மனின் பெயரைக் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சுரங்கத் தொழிலாளியான அவருடைய அப்பா வீட்டு நிலவறையில் ஒரே ஒரு ஜோடியை வைத்துத் தொடங்கிய மீன் வம்சம் அது. சாப்பாட்டுத் தட்டு அகலம், சுட்ட செங்கல் நிறம். மீன் வளர்ப்போர் சங்கத்தில் அதற்குப் பெயரே 'பிராக்மன் சிவப்பு'. வீலாண்டுக்கு ஒரே மகள் இருந்தாள். ஆனால் வம்சம் என்று அவர் சொன்னால் அது நிலவறையில் நீந்துவதைத்தான்.

விலைபோய் வீட்டை விட்டுப் போகும் ஒவ்வொரு மீனுக்கும் மூன்று நாள் குளியல் உண்டு. பக்கத்து வீட்டுப் பந்தயப் புறாக்காரர் கோஸ்டர் தரும் மஞ்சள் பொடி; புறாவுக்குச் சளி கட்டினால் கொடுக்கிற ஆன்டிபயாடிக். நோய் உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை. கரண்டி நுனியில் எடுத்து, அவை நீந்தும் தொட்டியிலேயே தூவுவார். "சட்டை போடாம பிள்ளைய வெளிய அனுப்புவோமா?" என்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த மார்ச்சில் மீன்கள் கறுத்தன. தீனியைத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் ஒதுங்கின. வீலாண்ட் பொடியை இரட்டிப்பாக்கினார். நான்கு நாளில் முப்பத்தொரு மீன்கள் செத்தன.

கால்நடை மருத்துவரான மகள் அல்மூட், செத்த மீன் ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தாள்.

"ஒம்பது மருந்து போட்டுப் பாத்திருக்காங்கப்பா. ஏழுக்கு இந்தக் கிருமி அசையல."

"மிச்சம் ரெண்டு இருக்குல்ல. எழுதிக் கொடு."

"அது ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிற மனுசங்களுக்குன்னு வச்சிருக்கிறது. மீனுக்கு எழுத மாட்டேன்."

"உங்க தாத்தா வம்சம் சாகுது."

"அதை நீங்க கரண்டியால கொன்னுட்டீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊட்டி, கிருமிக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கீங்க. அது நல்லா படிச்சிருச்சு."

"நாய்க்கு நகம் வெட்டுறவ எனக்குப் பாடம் சொல்றா."

அல்மூட் இதற்கெல்லாம் பழகியவள். "மீன் வாங்கினவங்களுக்குச் சொல்லணும். நீங்க ஃபோன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

அவர் நிலவறைக்கு இறங்கிப் போனார். அவள் நிலவறைப் படியின் மேல் நின்று, கீழே கேட்கும்படி, பதினான்கு பேரிடம் பேசினாள். ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்ன சொல் 'பிராக்மன்'. அப்பாவுக்காக ஒரு தடவைகூடக் குரலைக் குறைக்கவில்லை.

கடைசியில் ஒரு ஜோடி மட்டும் உயிரோடு நின்றது. புதுக் குஞ்சுகள் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு, தோலில் பால்போல ஊறும் சளியைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

"இதுங்க பொழச்சாலும் கிருமியச் சுமந்துக்கிட்டுத்தான் இருக்கும்பா."

"அப்போ வம்சம்?"

"சித்தப்பாகிட்ட இருக்கு."

ருதார்ட் அவருடைய தம்பி. பொடி வந்த முதல் வருஷமே அதற்காகச் சண்டை போட்டு, நான்கு குஞ்சுகளை வாளியில் எடுத்துக்கொண்டு பிரிந்து போனவர். புது மீனை ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பார். என்ன நோய் என்று தெரியாமல் மருந்தைத் தொடமாட்டார். சங்கத்தில் எல்லார் முன்னிலையிலும் அவருக்கு 'வாளிக்காரன்' என்று பெயர் வைத்தவர் வீலாண்ட்தான்.

மறுநாள் வீலாண்ட் சவரம் செய்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போனார். ருதார்ட் கதவைப் பாதிதான் திறந்தார்.

"அங்கேயே நில்லு அண்ணே. உன் கையில என்னென்ன இருக்குமோ."

மழை தூறிக்கொண்டிருந்தது. வீலாண்ட் முற்றத்திலேயே நின்று கேட்டார். "எனக்காகக் கேக்கல. அப்பா பேருக்காகக் கேக்கறேன். ஒரு ஜோடி."

"மொதல்ல உன் தொட்டியெல்லாம் காலியாகட்டும். நான் வந்து கண்ணால பாக்கணும்."

அன்று மதியமே ருதார்ட் ரப்பர் பூட்ஸோடு வந்து, நிலவறைக் கடைசிப் படியில் நின்றார். அல்மூட் மீன்கள் திரும்ப விழிக்காத அளவுக்கு மயக்க மருந்தை அளந்தாள். "நானே ஊத்துறேன்" என்று வீலாண்ட் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஜோடி மெல்லச் சாய்ந்தது. தாய் தகப்பன் ஏன் அசையவில்லை என்று தெரியாமல் குஞ்சுகள் இன்னும் கொஞ்ச நேரம் கொத்தின. பிறகு அவையும் அடங்கின. அவர் வலை, குழாய், வாளி எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். பன்னிரண்டு தொட்டியையும் ப்ளீச்சிங் நீர் விட்டுக் கழுவினார். கண்ணில் நீர் வந்தது ப்ளீச்சினால் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"எப்போ தர்ற?" என்று கேட்டார்.

"தர்றேன்னு யார் சொன்னா?"

"நீதான காலையில…"

"தொட்டி காலியாகட்டும்னேன். ஆயிருச்சு." ருதார்டின் குரலில் கோபம்கூட இல்லை. "அடுத்த வருஷம் ஒரு மீன் லேசாக் கறுக்கும். நீ கோஸ்டர் வீட்டுக் கதவத் தட்டுவ. உன்ன எனக்குத் தெரியாதா? அப்பா பேருக்காகத்தான கேட்ட? நானும் பிராக்மன்தான்."

வீலாண்ட் மகளைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா சொல்றது சரிதாம்பா."

ருதார்ட் மேலே போகத் திரும்பினார். வீலாண்ட் ப்ளீச்சிங் நீரையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு வந்து வழியை மறித்தார்.

"அந்த பூட்ஸோட உன் தொட்டிகிட்டப் போகாத."

முதுகு வளையாத மனிதர் தம்பியின் காலடியில் மண்டியிட்டு அடிப்புறத்தைத் தேய்க்கத் தொடங்கினார். ருதார்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். அது முடிந்ததும் அடுத்த காலை.