பிரேக் பிடிக்காத ரம்பம்

விடிந்தும் விடியாத நேரத்தில், முறிந்த கிளைகளைக் கயிறு போட்டு முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் நாங்கள் சரிவில் இறங்கினோம். ஈரக்கட்டை கனத்தது. கயிறு தோளை அறுத்தது. காலடியில் சேறு வழுக்க, முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்தே நடந்தோம்.

ஐன் திராஹம் ஊருக்கு மேலே எங்கள் மலையைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. தக்கை உரிக்கும் கார்க் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்களில் மூத்தவள் மப்ரூகாவின் ஓட்டு வீட்டைத் தவிர எல்லா வீட்டுத் தகரமும் பறந்துவிட்டது. காட்டுக் குத்தகைக்காரர் நூரி ஆளுக்கொரு தார்ப்பாய் கொடுத்தார். விழுந்த மரமெல்லாம் சீக்கிரம் லாரி ஏற வேண்டும் என்பதுதான் அதற்கு விலை.

அன்று காலை என் புருஷன் ஜிலானி மோட்டார் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நூரியின் காருக்கு முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, இதுல பிரேக் புடிக்கல. கைக்கு முன்னால இருந்த தடுப்பும் ஒடஞ்சு போச்சு. சாஞ்சு கெடக்கிற மரம் வேற, எந்தப் பக்கம் துள்ளும்னு தெரியாது."

நூரி கண்ணாடியைப் பாதிதான் இறக்கினார். "உங்கப்பன் கோடாலிக்கு பிரேக் இருந்துச்சாடா?"

"எங்கப்பன் கோடாலி தானா சுத்தாது, முதலாளி."

எல்லாரும் சிரித்துவிட்டோம். நூரியின் முகம் கறுத்தது. "பயமா இருந்தா கீழ வச்சிட்டுப் போ. போறப்ப தார்ப்பாயையும் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

கார் கீழே போனது. ஜிலானி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரம்பத்தைக் கிளப்பினார்.

இலைக் குவியலுக்குள் மறைந்திருந்த கிளையில் ரம்பத்தின் நுனி இடித்தது. அது எகிறி மேலே வந்தது. அவர் முகத்தை விலக்கிக்கொண்டார், பிடி நழுவியது. ஓட்டம் நிற்காத சங்கிலி அவர் தொடையில் இறங்கியது. மரத்தை அறுக்கும் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு சத்தம்.

என் தலைத்துணியை உருவிக் காயத்தில் திணித்து, முழங்காலால் அழுத்திக்கொண்டேன். "தாஹிர், லாரிய எடு!" என்று கத்தினேன்.

லாரி முழுக்கக் கட்டை. டிரைவர் தாஹிர் அதைத் திரும்பிப் பார்த்தான். "கேக்காம எறக்கினா என் வேல போயிரும், அக்கா."

"உன் வேல போனா வேற வேல. இவன் உசுரு போனா?" என்று கேட்டுக்கொண்டே மப்ரூகா லாரியில் ஏறிக் கட்டை கட்டியிருந்த கயிற்றை அரிவாளால் வெட்டினாள். பெண்கள் சேர்ந்து தள்ளினோம். நூரியின் கட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு பள்ளத்துக்குப் போயின.

ஆஸ்பத்திரியில் ஜிலானி உயிர் பிழைத்தார். இனி அந்த முழங்கால் மடங்காது என்று டாக்டர் சொன்னார். ஜிலானி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் மலைக்குத் திரும்பியபோது நூரி வந்திருந்தார். ரத்தம் கழுவிய அதே ரம்பத்தை இன்னொரு மரவெட்டி கமைஸிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கமைஸ் வீட்டில் கைக்குழந்தை.

"ஜிலானிக்குக் கவனம் பத்தல. நீ விவரமானவன், புடி."

கமைஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "பிரேக்கப் போடுங்க. காலுக்கு மாட்ட உறை குடுங்க. ஜிலானி வைத்தியச் செலவ நீங்க ஏத்துக்கங்க. அப்புறம் புடிக்கிறேன்."

"உன் புள்ள மழையில நனையும்டா!"

கமைஸ் தன் வீட்டுத் தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி வஸீலாதான் பதில் சொன்னாள். பேச்சால் அல்ல. குழந்தையை என் கையில் கொடுத்தாள். சுவரேறிக் கட்டுகளை அவிழ்த்தாள். தார்ப்பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து நூரியின் காலடியில் போட்டாள். குழந்தை என் மார்புத் துணியைச் சப்பியது.

அடுத்து என் வீட்டுத் தார்ப்பாயை நானே பிரித்தேன். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. மழை எங்கள் படுக்கை மேல், மாவுப் பானை மேல், அடுப்பு மேல் பெய்தது.

"பக்கத்து மலையில ஆளா இல்ல?" என்று நூரி கத்திக்கொண்டே காரில் ஏறினார்.

அத்தனை குடும்பமும் மப்ரூகா வீட்டில் ஒண்டினோம். ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். பிள்ளைகள் இருமினார்கள். தப்பு செய்துவிட்டோமோ என்று ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை, நினைக்காதவரும் இல்லை.

காலையில் தாஹிரின் லாரி வந்தது. பக்கத்து மலை ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் ஊரிலும் கூரை இல்லை. நனைந்த உடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்கள் தொட மறுத்த நூரியின் ரம்பங்கள் மரத்தடியில் கிடந்தன. நாங்கள் அவற்றைச் சுற்றி நின்றோம். யாரும் கல் எடுக்கவில்லை.

மப்ரூகா சூடான ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்து முதல் ஆளிடம் நீட்டினாள். "மொதல்ல சாப்புடுங்க தம்பி. சண்ட போடணும்னா அப்புறம் போடலாம்."

அவன் தயங்கி வாங்கிக்கொண்டான். தின்றபடியே குனிந்து ஒரு ரம்பத்தைப் புரட்டிப் பார்த்தான். தடுப்பு உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். அதைத் தூக்கவில்லை. தன் ஆட்களை அருகே கூப்பிட்டுக் காட்டினான்.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டான்: "அடிபட்டவர் பேரு என்ன?"

"ஜிலானி," என்றேன்.

"அவரு வீட்டு ஆளு யாரு? இங்க வந்து எங்க பக்கத்துல உக்காருங்க. நடந்தத முழுசாச் சொல்லுங்க."

ஈர மரத்தின் மேல் எனக்கு இடம் விட்டு அவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.