பட்டறையின் பின்கதவு

அண்ணி கத்திரிக்கோலால் எவர்சில்வர் தட்டில் தட்டத் தொடங்கினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் பின்கதவு வழியாக வெளியேற வேண்டும். எங்கள் சோபா பட்டறையில் அதுதான் சட்டம். மாதம் ஒரு தடவையாவது தட்டுவார், முன்கூட்டிச் சொல்லமாட்டார். நான் பாதி தைத்த உறையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடுவேன். தச்சர் மட்டும் டீ டம்ளரோடு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வருவார். அதனாலேயே அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பின்சந்தில் வெயில் காய்ந்தபடி நிற்போம். அண்ணி தலைகளை எண்ணி முடிக்கும்வரை யாரும் அசையக்கூடாது. இப்போது நினைத்துப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் சேர்ந்து சும்மா நின்று சிரித்தது அந்தச் சந்தில் மட்டும்தான்.

அண்ணி என் கணவரின் அக்கா. முன்பு வேலை பார்த்த துணி ஆலையில் தீப்பிடித்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது என்பார். அதற்குமேல் கேட்டால் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார். எங்களிடம் வந்த முதல் வாரமே பசை டப்பாக்களைத் தனி அலமாரிக்கு மாற்றினார், பீடிக்காரர்களைச் சந்துக்குத் துரத்தினார், தீயணைப்பான் வாங்க வைத்தார். "அக்காவுக்கு எதப் பாத்தாலும் பயம்" என்று இவர் முனகுவார்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது ஃபோம் வைக்க இடமில்லை. இவர் பின்கதவை மறைத்து அடுக்கிவிட்டார்.

"ரெண்டு நாள்தானேக்கா. அப்புறம் எடுத்துடறேன்."

"தீ உன்கிட்ட நாள் கேட்டுட்டா வரும்?"

இவர் காதில் வாங்கவில்லை. அண்ணி சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, தன்னைவிட உயரமான ஃபோம் ஷீட்டுகளைத் தனியாக இழுக்கத் தொடங்கினார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தேன். எல்லாம் எங்கள் வீட்டு முன்னறைக்குப் போயின. அந்த வாரம் முழுக்க இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம், முன்பக்கம் பசை தடவும் மேஜைக்கு மேலிருந்த பழைய ஸ்விட்ச் பெட்டியில் பொறி பறந்தது. அண்ணி தீயணைப்பானை எடுத்து அடித்துப் பார்த்தார். அதற்குள் துணிச் சுருள்கள் பற்றிக்கொண்டன. கரும்புகை கூரையிலிருந்து கீழே இறங்கியது. அண்ணி தீயணைப்பானைப் போட்டுவிட்டுத் தட்டைத் தட்டினார்.

யாரும் யோசிக்கவில்லை. கால்களுக்கே வழி தெரிந்திருந்தது. "இந்த மாசந்தான் ஒரு தடவ ஆச்சே" என்று சலித்துக்கொண்டே வந்த எக்ஸ்பிரஸ், சந்தில் நின்று திரும்பிப் பார்த்தார். டம்ளர் கைநழுவி விழுந்தது.

இவர் வாசல் தாண்டியவர் சட்டென்று திரும்பினார். "புது மெஷின் உள்ள இருக்குக்கா!"

அண்ணி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, எல்லோர் முன்னாலும் பளாரென்று ஒன்று விட்டார்.

"நீ உள்ள போனா நானும் வருவேன். சொல்லு, போலாமா?"

இவர் அப்படியே நின்றுவிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தும் சுவர்கள்தான் மிஞ்சின. நாங்கள் சந்தைச் சுற்றி முன்தெருவுக்கு வந்தோம். காலையில் டெலிவரிக்காக எதிர்ப்புறம் எடுத்து வைத்த சோபா ஒன்று, வண்டி வராமல் அங்கேயே கிடந்தது. அண்ணி முதலில் அதில் உட்கார்ந்தார். பிறகு நான். சிவந்த கன்னத்தோடு இவர் எங்கள் நடுவில் இடம் பண்ணிக்கொண்டார். எக்ஸ்பிரஸ் கைப்பிடியில் தொற்றிக்கொண்டார். எத்தனையோ வீடுகளுக்குச் சோபா செய்து அனுப்பியிருக்கிறோம். நாங்கள் ஒன்றில் உட்கார்ந்தது அன்றுதான். அண்ணி விளிம்பைத் தடவிப் பார்த்து, "தையல் நேரா வந்திருக்கு" என்றார். இவர் விசும்பத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சோபாவின் சொந்தக்காரர் வண்டியோடு வந்து இறங்கினார். நாங்கள் பதறி எழப் போனோம். அவர் கையமர்த்தினார். பிறகு சோபாவின் முதுகில் கையூன்றிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து புகையைப் பார்த்தபடி நின்றார்.