வாசலில் பேசிய விலை

ராதோயிட்சா ஆயுசு முழுக்கப் பன்றி வாங்கி விற்றவர். "இது விக்கிறதுக்கு இல்ல" என்று ஒருத்தன் சொன்னால், இன்னும் விலை படியவில்லை என்றுதான் அவர் காதில் விழும். ஒரே மகள் துன்யாவின் கல்யாணத்தில் அவர் வாங்க நினைத்த சரக்கோ வேறு. மாப்பிள்ளை வீட்டுப் பரணில் கிடந்த இயந்திரத் துப்பாக்கி.

சம்பந்தி வுகாஷின் போரிலிருந்து திரும்பும்போது எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்தது அது. ஊருக்கே தெரியும். யாரையும் உறுத்தவில்லை. அந்த மே மாதம் தலைநகர் பெல்கிரேடில் ஒரு பையன் சுட்டதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செத்தார்கள். மறுநாள் கிராமங்களில் இன்னொருத்தன் சுட்டான். உரிமம் இல்லாத ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள், யார், எப்படி என்று கேட்கமாட்டோம் என்றது அரசாங்கம். அதற்குப் பிறகுதான் துன்யா வந்து சொன்னாள்.

"அப்பா, லாசரோட தம்பி அதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். என்னைப் பாத்தும் எடுத்து வைக்கல. அந்த வீட்டுல நான் எப்படித் தூங்குவேன்?"

மாப்பிள்ளை லாசரின் தம்பி ஓக்னியனுக்குப் பதினேழு வயது. பள்ளியில் எல்லாரிடமும் அடி வாங்குவான், வீட்டில் யாரிடமும் வாய் திறக்கமாட்டான்.

ராதோயிட்சா மதுக்கடையில் சம்பந்தியைப் பிடித்தார்.

"கிறுக்கன் கிறுக்கன்தான்யா. துப்பாக்கியப் பிடுங்கினா கோடாலி எடுப்பான். சட்டம் போட்டா புத்தி வந்துடுமா?" என்றார் வுகாஷின்.

"கோடாலின்னா ரெண்டாவது ஆளுக்குள்ள மூச்சு வாங்கிடும் சம்பந்தி. மத்தவங்க ஓடித் தப்பிச்சுக்குவாங்க."

"பன்றிக்காரன் மந்திரி மாதிரி பேசறான் பாரு! சரி, உன் தாத்தாவோட கைத்துப்பாக்கி?"

"கொடுத்தாச்சு" என்றார் ராதோயிட்சா. அது தீவனப் பீப்பாயின் அடியில் பத்திரமாக இருந்தது. சரக்கைப் பற்றிப் பொய் சொல்வது அவர் தொழிலில் பொய்க் கணக்கில் சேராது.

கல்யாண நாளும் வந்தது. பெண் வீட்டு வாசலில் கம்பத்தில் ஆப்பிள் கட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு வீழ்த்தினால்தான் பெண் வெளியே வருவாள். இந்த வருஷம் வெடிச் சத்தம் கேட்கக்கூடாது என்று காவல் நிலையத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். கல்லெறிந்து வீழ்த்தட்டும் என்று ராதோயிட்சா ஆப்பிளைத் தாழ்வாகக் கட்டியிருந்தார்.

வாத்தியக்காரர்கள் முழங்க மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்து நின்றன. வுகாஷின் இறங்கியதும் ஆப்பிளைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"இதென்ன, கோழி கொத்தறதுக்கா கட்டியிருக்கே? ஏத்திக் கட்டுய்யா. வண்டிப் பெட்டியில சாமான் இருக்கு. அரசாங்கமா என் பையனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்குது?"

ராதோயிட்சா காரின் பின்பெட்டியைப் பார்த்தார். அடுத்த நொடி, இதுதான் சமயம் என்று தோன்றியது. சாமான் பரணை விட்டு வாசலுக்கே வந்துவிட்டதே.

வாசலில் மாப்பிள்ளையிடம் விளையாட்டாகப் பெண்ணுக்கு விலை பேசுவது பெண்ணின் சகோதரன் வேலை. துன்யாவுக்குக் கூடப் பிறந்தவர் இல்லாததால் அது அப்பனுக்கே வந்தது. கதவை மறித்து நின்றார். லாசர் சிரித்துக்கொண்டே நோட்டுகளை நீட்டினான்.

"காசு வேண்டாம் மாப்பிள்ளை. உங்க அப்பா வண்டியில இருக்கற சாமான்தான் விலை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வுகாஷின் சிரிக்கவில்லை.

"ஒரு காளை தரேன்."

"எனக்குப் பன்றிதான் பழக்கம்."

"ரெண்டு காளை. ஆத்தங்கரைத் தோட்டம்."

"சாமான்."

"அதோட நான் போர்ல கிடந்திருக்கேன்யா!"

"தெரியும் சம்பந்தி. என் பொண்ணு அதோட படுத்துத் தூங்கணுமே."

இசை நின்றுபோயிருந்தது. அப்பா இன்றைக்காவது விட்டுக்கொடுக்கட்டும் என்று லாசர் தலையைக் குனிந்துகொண்டான். வுகாஷின் வண்டிப் பெட்டியைத் திறந்து, பொட்டலத்தைத் தூக்கிவந்து தரையில் போட்டார். "எடுத்துத் தொலை!"

விழுந்த சத்தமே சரியில்லை. துணியைப் பிரித்தார்கள். உள்ளே வேலிக் கம்பி.

வுகாஷின் முகம் வெளுத்தது. "ஓக்னியன் எங்கே?"

எல்லார் கண்களும் கூட்டத்தைத் துழாவின. அவன் இல்லை. ராதோயிட்சா மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, முதுகால் அடைத்துக்கொண்டு நின்றார். தாய்மார்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அப்போது கடைசிக் காருக்குப் பின்னாலிருந்து ஓக்னியன் கையை ஓங்கியபடி வந்தான்.

கோட்டும் சூட்டுமாக நின்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் மண்ணில் குப்புற விழுந்தார்கள். அக்கார்டியன்காரன் தன் வாத்தியப் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கினான்.

கல் பறந்தது. ஆப்பிள் விழுந்தது.

படுத்துக் கிடந்தவர்களைப் பையன் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் ஏன் படுத்தார்கள் என்பது அவனுக்கு மெள்ளப் புரிந்தது. ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது.

"எங்கடா அது?" என்று வுகாஷின் தரையிலிருந்தே கேட்டார்.

"குடுத்துட்டேன்ப்பா. போன வாரமே."

"யாரைக் கேட்டு?"

"யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கன்னு டிவில சொன்னாங்க. அதான் போனேன்." அவன் தன் வெறுங்கையைப் பார்த்தான். "மடியில வச்சிருந்தா நல்லா இருந்துச்சுப்பா. பள்ளிக்கூடத்துல ஒவ்வொருத்தன் மூஞ்சியா ஞாபகம் வந்துச்சு. எனக்கே பயமாயிடுச்சு."

அண்ணன் லாசர் எழுந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டான். வேறு யாரும் கிட்டே போகவில்லை.

ராதோயிட்சா முதுகை நிமிர்த்தி, கதவைத் திறந்து, மகளுக்குக் கை நீட்டினார். "வா அம்மா. விலை படிஞ்சாச்சு."

துன்யா வாசற்படியைத் தாண்டவில்லை.

"உங்களோடது என்னாச்சுப்பா?"

"என்னோடது எது?"

"தீவனப் பீப்பாய். நாளைக்கு என் பிள்ளைங்க இங்கதான் வந்து விளையாடும். அந்தச் சின்னப் பையனுக்கு இருக்கற தைரியம் உங்களுக்கு இல்லையா? போய்க் குடுத்துட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

அவர் பேரம் பேசாமல் போய்த் தீவனப் பீப்பாயைக் கவிழ்த்தார்.

கோட்டில் குத்திய கல்யாணப் பூவோடு காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார். மேசையில் குவிந்து கிடந்ததில் பாதி துருப்பிடித்தவை. சந்தைக்கு நோஞ்சான் பன்றியை ஓட்டிவந்து, கொழுத்ததை வீட்டில் கட்டிவைக்கிறவர்களை அவருக்குத் தெரியாதா? தாத்தாவின் துப்பாக்கியை மேசையில் வைத்தார். விரல்கள் உடனே விட்டுவிடவில்லை.

"வேற ஏதாவது இருக்கா பெரியவரே?" என்றான் காவலன்.

"எங்கிட்ட இல்ல" என்றார்.

திரும்பும் வழியில் பரணை மூடிய ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் பார்த்தபடியே வண்டியை ஓட்டினார். இத்தனை வருஷம் அதே தெருவில் போய்வந்தவர், தொழுவங்களைத்தான் பார்த்திருக்கிறார், கூரைகளைப் பார்த்ததில்லை.